நாற்பத்தேழாவது சீட்டு

பதினோரு மணிக்கு வாசகர் வட்டத்தார் வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்கே பெரியவள் எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து முடித்துவிட்டாள். பதினெட்டுப் பழம், ஒரு விதைகூட ஜாடிக்குள் விழவில்லை. குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருஷம் பழகிய கை, தப்பாது.

மனசுதான் காலையிலிருந்து ஒரு நிலையில் இல்லை.

கூடத்தில் அவள் கணவன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமையும் அரைநாள் கடைக்குப் போய்விடுவான். இன்று போகவில்லை. தம்பி மனைவியின் கதைக்குக் கூட்டம் என்றால் கடை தானாக மூடிக்கொள்கிறது. பெரியவள் ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்திருந்தபோது அது ஏனோ மூடிக்கொள்ளவில்லை.

முதல் வாரத்திலிருந்து இந்த வீட்டோடு பழகி வருகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. இன்றுதான் படியேறி வருகிறவர்களுக்காகப் பழையதைக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

இந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள், பெரியவளும் சின்னவளும். இரண்டு வருஷத்துக்கு முன், ஆறு மாதத்தில் வயிற்றுப்பிள்ளை போனபின் பெரியவளுக்குத் தூக்கம் போயிற்று. தூக்கத்தின் பின்னாலேயே பேச்சும் போயிற்று. டாக்டர் கொடுத்த மாத்திரை தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. பதிலுக்கு ஞாபகத்தை எடுத்துக்கொண்டது. குழாயை மூடினோமா, மகளுக்குப் பால் கொடுத்தோமா, எதுவும் நிச்சயமில்லை.

பரிசோதனைக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. எழுதாதது நடக்கவில்லை. ஒவ்வொரு தண்ணீர்ப் புட்டிக்கும் ஒரு சீட்டு. அதில் வரிசை எண், நேரம், என்ன செய்தது. நடுவில் ஒரு எண் விட்டுப்போனால் அன்றைய வேலை முழுக்கச் செல்லாது. பெரியவள் அந்தச் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு காரியத்தைச் செய்து முடித்ததும் சின்னச் சீட்டில் எழுதி அங்கேயே ஒட்டினாள். சாயங்காலம் எல்லாவற்றையும் உரித்து, எண் வரிசைப்படி ஒரு டப்பாவில் போட்டாள். தன் மூளையைத் தானே வேவு பார்க்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

வீடு அதை வேறு மாதிரி பார்த்தது. மாமியார் முப்பது வருஷம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். "இது வீடா, பார்சல் ஆபீஸா?" என்று கேட்டார்.

பிறகு ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு வீடெல்லாம் கேஸ் வாசனை. அடுப்பின் திருகு திறந்திருந்தது, தீ இல்லை. அடுப்புக்குக் கீழே தரையில் பொடிசு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பெரியவளின் ஒரே மகள். அப்போது நாலரை வயது.

நான் மூடினேன், சீட்டு இருக்கிறது பாருங்கள் என்றாள் பெரியவள். சீட்டு இல்லை. முட்டி போட்டுத் தேடினாள். அடுப்புக்கு அடியில், குப்பைக்கூடையில், பொடிசின் படத்தாள்களுக்கு நடுவில். வீடே சுற்றி நின்று பார்த்தது. அவள் தேடிய விதத்தைப் பார்த்தபின் யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை. கடைசியில் அவளுக்கும்தான். ஒட்டியிருந்ததையெல்லாம் உரித்து டப்பாவில் போட்டு எண்ணியபோது நாற்பத்தாறு சீட்டுதான் இருந்தது. நாற்பத்தேழாவதை எழுதினதாக நினைத்ததே வியாதி என்று ஒப்புக்கொண்டாள். அதற்கப்புறம் சீட்டு எழுதுவதை விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலமே பொடிசின் கட்டில் சின்னவளின் அறைக்குப் போயிற்று. ஒன்றரை வருஷமாகத் திரும்பி வரவில்லை.

இப்போது பெரியவள் தேறிவிட்டாள். வேலைக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. மாத்திரையும் நின்றாயிற்று. பிள்ளையைத் தாயோடு விடலாம் என்று போன வாரம் டாக்டரே சொல்லிவிட்டார். மாமியார் மட்டும் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு குத்தாமல் நின்றார். "ஞாயித்துக்கிழமை பத்துப் பேர் வர்றாங்க. அவங்க முன்னாடி எப்படி நடந்துக்கறானு பார்க்கலாம். சாயந்திரம் முடிவு பண்ணிக்கலாம்."

ஆக, இன்று வீட்டில் இரண்டு பரீட்சை. சின்னவளின் கதைக்கு ஒன்று. அவள் ஏற்கெனவே தேறிவிட்டாள், பத்திரிகைப் போட்டியில் முதல் பரிசு. இன்னொன்று பெரியவளுக்கு.

கதை எதைப் பற்றியது என்பதுதான் வேடிக்கை. மனநிலை பிசகிப்போய் வீட்டுச் சாமான்களிலெல்லாம் சீட்டு ஒட்டும் ஒருத்தியைப் பற்றியது. ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டாள் சின்னவள். ஊரார் வீட்டு நெய்யைத் தாராளமாக ஊற்றினால் ஊற்றின கைக்குத்தான் பெயர்; கடைந்தவளை யார் கேட்கிறார்கள்?

பத்திரிகை வீட்டில் மூன்று பிரதி இருந்தது. கதை முப்பத்தெட்டாம் பக்கத்தில் தொடங்குகிறது என்று பெரியவளுக்குத் தெரியும். முப்பத்தேழு வரை படித்திருக்கிறாள்.

கணவன் படித்தான். ஆறு பக்கத்தையும் ஒரே இருப்பில் படித்தான். அவள் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த மாதங்களில் அவன் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. படித்துவிட்டு, கலங்கின கண்ணோடு அவளிடமே வந்து சொன்னான். "எப்படி எழுதியிருக்கா பாரு. ஒரு பொம்பளை மனசுக்குள்ள இவ்வளவு இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அவள் அவனுடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி விரலில் ஏறவில்லை. அதற்கு அவளுக்கே ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

பரிசோதனைக்கூடத்தில் சொட்டுச் சொட்டாக ஒரு திரவத்தை இன்னொன்றில் விடுவார்கள். இருபது சொட்டு வரை ஒன்றும் ஆகாது, தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். இருபத்தோராவது சொட்டில் மொத்தமும் நிறம் மாறும். கதை வெளிவந்த மூன்று வாரமாகப் பெரியவள் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

காலையில் ஒரு சொட்டு. பொடிசு சீப்போடு ஓடி வந்தாள். பெரியவள் கையை நீட்டினாள். குழந்தை அவளைச் சுற்றிக்கொண்டு சின்னவளிடம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. சித்தி பின்னினால் வலிக்காதாம்.

"அம்மாகிட்டப் போயேன் தங்கம்," என்றாள் சின்னவள். சொல்லிக்கொண்டே வகிடு எடுத்தாள்.

வட்டத்தார் வந்தார்கள். பத்துப் பேர் என்று சொல்லி பதினான்கு பேர். நூலகர் ஒரு பூங்கொத்து கொண்டுவந்தார். அதை வைக்க ஜாடி இல்லாமல், பெரியவள் எலுமிச்சைச் சாற்றை வேறு பாத்திரத்தில் மாற்றி ஜாடியைக் கழுவிக் கொடுத்தாள். சின்னவளை நடு நாற்காலியில் உட்கார்த்தினார்கள். அவள் வெளிர்நீலத்தில் உடுத்தியிருந்தாள். மடியில் பொடிசும் அதே வெளிர்நீலத்தில். இருவரையும் சேர்த்து ஒருவர் படம் எடுத்தார். "பொண்ணு அம்மாவை உரிச்சு வெச்சிருக்கே," என்றார்.

சின்னவள் திருத்தவில்லை. மாமியாரும் திருத்தவில்லை. அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் பிஸ்கட் தட்டை நீட்டி, படம் எடுத்தவரிடம் இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

பேசத் தொடங்கியவர் ஒரு பேராசிரியை. கல்லூரியில் இலக்கியம் நடத்தி ஓய்வுபெற்றவர். வகுப்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பெண்ணின் மனநோயைப் பற்றிய கதைகளில் எப்போதும் ஒரு பொருள் நடுவில் நிற்கும் என்றார் அவர். பூட்டின அறை, விரிசல் விட்ட கண்ணாடி, திறக்காத ஜன்னல். அடக்கி வைக்கப்பட்டவள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தப் பொருள் அவளுக்காகச் சொல்லும். இந்தக் கதையில் அந்தப் பொருள் சீட்டு. ஒவ்வொரு சீட்டும் ஒரு கூக்குரல்.

பெரியவள் சமையலறை வாசலில் தட்டோடு நின்றாள். அவள் வாய்விட்டுத்தான் சொன்னாள். நான் மூடினேன் என்று மூன்று தடவை. சீட்டு கூக்குரலாக இருக்கவில்லை. சீட்டு சீட்டாகத்தான் இருந்தது. அதில் நேரம் எழுதியிருந்தது.

இந்தக் குறியீடு எப்படித் தோன்றியது என்று நூலகர் கேட்டார்.

"தானா வந்துச்சு சார்," என்றாள் சின்னவள், பொடிசின் பின்னலைப் பார்த்தபடி.

எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியவளின் கணவன் எல்லோரையும்விட ஒரு முறை அதிகமாக ஆட்டினான். பெரியவளுக்கு நெஞ்சுக்குக் கீழே ஏதோ சுருண்டு எரிந்தது. வயிற்றெரிச்சல் என்று முன்னோர்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. அமிலத்தன்மை அளக்கிற தாளை உள்ளே விட்டால் இரத்தச் சிவப்பாக வரும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய தூக்கமின்மை, அவளுடைய கோந்து, அவளுடைய டப்பா. பட்டதெல்லாம் இவள், பாராட்டெல்லாம் அவளுக்கு. எழுந்து நின்று 'அது நான்' என்று சொன்னால்? சொல்லலாம். பதினான்கு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். சாயங்காலம் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பேராசிரியை கடைசிப் பத்தியை வாய்விட்டு வாசித்தார். குரலில் ஏற்ற இறக்கம் போட்டு, கண்ணை மூடித் திறந்து.

"நாற்பத்தேழாவது சீட்டை அவள் அடுப்பின் பக்கவாட்டில் ஒட்டினாள். பிற்பகல் 2.10. மூடினேன். இரண்டு முறை பார்த்தேன். 'இரண்டு முறை' வரை நீலம். 'பார்த்தேன்' மட்டும் சிவப்பு."

பெரியவள் தம்ளர்த் தட்டை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் நாற்பத்தேழைப் பிடித்துக்கொண்டார்கள். அது பகா எண், எதனாலும் வகுபடாதது, ஆகவே யாராலும் புரிந்துகொள்ளப்படாத பெண் என்றார் ஒருவர். ஐம்பதை எட்டாத வாழ்க்கை என்றார் இன்னொருவர். பிறகு நிறத்துக்கு வந்தார்கள். நீலம் தெளிவு, சிவப்பு பித்து என்றார் பேராசிரியை. ஒரே வாக்கியத்துக்குள் அவள் தெளிவிலிருந்து பித்துக்குக் கடந்து போகிறாள். அடுப்பை உண்மையிலேயே மூடினாளா, திறந்தாளா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் கலை.

கடைசி வரிசையில் ஒரு மருந்துக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"எனக்கு இலக்கியமெல்லாம் அவ்வளவா தெரியாதுங்க. பேனா ரீஃபில் தீர்ந்து போயிருக்குமோ?"

கூடமே சிரித்தது. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கணவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். மருந்துக் கடைக்காரரும் சேர்ந்து சிரித்துக்கொண்டார்.

இரண்டு பேர் சிரிக்கவில்லை. வாசலில் பெரியவள். நடு நாற்காலியில் சின்னவள்.

இருவரின் பார்வையும் ஒரு கணம் முட்டிக்கொண்டது. சின்னவள்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினாள்.

ரீஃபில் தீர்ந்துதான் போயிற்று. பெரியவளுக்கு இப்போது கை ஞாபகம் வந்தது. மூளைக்கு முன்னால் விரல்களுக்கு. பேனா கீறியது, எழுதவில்லை. உதறினாள். தரையில் படம் வரைந்துகொண்டிருந்த பொடிசிடம் பென்சில் கேட்டாள். சூரியனுக்கு வேணும், சீக்கிரம் குடு என்று குழந்தை சிவப்புப் பென்சிலைக் கொடுத்தது. 'பார்த்தேன்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் பரிசோதனைக்கூடத்துக்காரி. ஆசைப்பட்டதை உடனே நம்பக் கூடாது என்று பயின்றவள். தட்டைப் பிடித்தபடியே ஒவ்வொன்றாகச் சோதித்தாள். எண்? டப்பாவில் நாற்பத்தாறு இருந்ததை எண்ணிப் பார்த்து ஒன்று கூட்டியிருக்கலாம். நேரம்? அன்று அவளே கத்திச் சொன்னாள். வாசகம்? அதையும் கத்தியிருக்கலாம். நிறம்? நிறத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கே ஞாபகமில்லை. அந்தச் சீட்டைக் கண்ணால் பார்க்காத யாருக்கும் அது தெரிய வழியில்லை.

அப்படியானால் சீட்டு இருந்தது. அவள் மூடியிருக்கிறாள். இரண்டு முறை பார்த்திருக்கிறாள். ஒன்றரை வருஷமாகப் பைத்தியம் என்று தானே நம்பி விழுங்கிய அந்த மதியத்தில் அவளுக்குப் பைத்தியம் இல்லை.

முப்பத்தெட்டாம் பக்கத்தை மூன்று வாரம் முன்பே புரட்டியிருந்தால் மூன்று வாரம் முன்பே தெரிந்திருக்கும். பொறாமை விரலைப் பிடித்துக்கொண்டது.

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் தட்டைக் கொண்டுபோய் ஒவ்வொருவராகச் சாறு கொடுத்தாள். பேராசிரியைக்கு, நூலகருக்கு. மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் கேட்காமலே இரண்டாவது தம்ளர் கொடுத்தாள். அவர் காரணம் புரியாமல் நன்றி சொன்னார்.

ஒரு மணிக்குக் கூட்டம் கலைந்தது. வாசலில் செருப்பு தேடும் சத்தமும் பாராட்டுகளும் கலந்து கேட்டுக்கொண்டிருந்தன. சின்னவள் காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். மூன்று வாரத்தில் அவள் தம்ளர் எடுப்பது இதுதான் முதல் தடவை.

பெரியவள் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு வெளியே போகாது.

"சிவப்புனு உனக்கு எப்படித் தெரியும்?"

"கதைதானேக்கா. சும்மா ஒரு…"

"பேராசிரியைகிட்ட சொல்ற பதிலை என்கிட்ட சொல்லாத."

சின்னவள் தம்ளர்களைத் தொட்டிக்குள் வைத்தாள். ஒவ்வொன்றாக, சத்தம் வராமல். அப்புறம் சொன்னாள், சொல்லும்போது பெரியவளைப் பார்க்கவில்லை. அன்று டீக்குத் தண்ணீர் வைத்தது அவள்தான். போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. மூன்றாவது தடவையும் கரு நிற்கவில்லை என்று சொன்னார்கள். போனை வைத்துவிட்டு பால்கனியில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. தண்ணீர் பொங்கித் தீ அணைந்திருக்கிறது. ஓடி வரும்போது மாமியார் ஜன்னலைத் திறந்துகொண்டு பெரியவளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். ஈரப் பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள். அடுப்பில் சீட்டு இருந்தது. உரித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சொல்லிடலாம்னுதான்க்கா இருந்தேன். அதுக்குள்ள நீங்களே தேட ஆரம்பிச்சுட்டீங்க."

"நான் முட்டி போட்டுத் தேடினப்ப நீ பக்கத்துல நின்ன."

"நின்னேன்."

"கையை மூடிக்கிட்டு."

சின்னவள் தலையசைத்தாள். "அன்னிக்குப் பொடிசு என் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்கினா. யாரும் என்னை அப்படிக் கட்டிக்கிட்டதில்லை. விட மனசு வரலை. உங்களுக்கு ஒண்ணு போனாலும் ஒண்ணு இருந்துச்சுக்கா. எனக்கு மூணும் போச்சு. உங்களைப் பார்க்கவே எனக்கு எரியும்."

பெரியவள் இதை எதிர்பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவளைப் பார்த்து இந்த வீட்டில் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. வந்தது வேறு எதுவோ. இரக்கம் வந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு நொடி காத்துப் பார்த்தாள். வரவில்லை.

"அப்புறம் எதுக்கு எழுதின? யாரும் கேட்கலையே."

"தெரியலை. வாயில வரலை. எழுதினா வந்துச்சு. அந்தச் சிவப்பை எடுத்துடணும்னு நாலு தடவை அடிச்சேன். அது இல்லாம கதை நிக்கலை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாயந்திரம் பொடிசு உங்க ரூமுக்கு வந்துடுவா. நானே கட்டிலைத் தூக்கிக் குடுக்கறேன். அதுக்கப்புறம் இதைப் பேசி என்ன ஆகப்போகுது? வீடு உடைஞ்சிடும்க்கா."

பெரியவள் குழாயை மூடினாள்.

வீடு உடையும் என்று பயப்படுகிறவர்கள் எப்போதும் வீட்டுக்குள் நல்ல அறையில் இருக்கிறவர்கள்தான். இது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தாள். மூன்று மணி நேரம் பொறுத்தால் குழந்தை கிடைக்கும். இன்னும் மூன்று மணி நேரம் அவள் பைத்தியம் இல்லாதவளாக இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அதற்கு வழியில்லை. நாற்பத்தேழு, சிவப்பு என்று ஆரம்பித்த அடுத்த நிமிஷம் மாமியார் டாக்டருக்குப் போன் போட்டுவிடுவார். சாட்சி ஒரே ஒருத்தி. அவளோ பரிசு வாங்கின கை ஈரத்தோடு எதிரில் நிற்கிறாள்.

மதியச் சாப்பாட்டில் கணவன் பேராசிரியையின் பேச்சைத் திரும்பச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். நீலம் தெளிவு, சிவப்பு பித்து. என்ன ஒரு பார்வை என்றான். தம்பி வெளியூரிலிருந்து போன் செய்தபோது அவனுக்கும் ஒரு முறை சொன்னான். மருந்துக் கடைக்காரரின் கேள்வியைச் சொல்லி மறுபடி சிரித்தான். சின்னவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பெரியவள் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

நாலரை மணிக்கு மாமியார் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். பெரியவளைப் பார்த்து, "இன்னிக்கு நல்லா நடந்துக்கிட்ட," என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இருந்தது. அவர் குரலே அப்படித்தான். "ஒரு படபடப்பு இல்லை, ஒரு வார்த்தை கூடுதல் குறைச்சல் இல்லை. கட்டிலை மாத்திடலாம்."

கணவன் திருப்புளியை எடுக்கப் போனான். சின்னவளின் அறையிலிருந்து கட்டிலின் கால்கள் கழன்று வந்தன. தலையணை வந்தது. படப்புத்தகங்கள் வந்தன. பெரியவள் தன் அறையில் ஜன்னலோரம் இடத்தைத் துடைத்துவைத்தாள். ஒன்றரை வருஷத்தில் அவள் இவ்வளவு வேகமாக எதையும் துடைத்ததில்லை.

பொடிசு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கட்டில் பூட்டப்படுவதைப் பார்த்தாள். பிறகு பின்னால் நகர்ந்து, கூடத்துக்குப் போய், சின்னவளின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான் சித்தி ரூம்லயே படுத்துக்கறேன்."

பெரியவள் வெளியே வந்து அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அம்மா ரூமிலிருந்து மரம் தெரியும், அணில் வரும் என்றாள். குழந்தை கேட்டுக்கொண்டது. கையை விடவில்லை. பெரியவள் சின்னவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கால்களை ஒரே உதையில் தள்ளிவிட வேண்டும் போல் இருந்தது.

"ஏன் கண்ணு? அம்மா மேல கோவமா?"

பொடிசு இல்லையென்று தலையாட்டினாள். பிறகு ரொம்ப மரியாதையாக, பெரியவர்கள் மனம் நோகாமல் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நீ கேஸை மூட மறந்துடுவேல்லம்மா. அப்புறம் தூங்கறப்ப நான் செத்துட்டா?"

அறைக்குள் திருகு முடுக்கும் சத்தம் நின்றது. கணவன் திருப்புளியோடு வெளியே வந்து நின்றான்.

பெரியவளுக்குள் சொட்டு விழுந்துவிட்டது. கட்டில் வந்துவிடும், குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்துவிடலாம். ஆனால் குழந்தை இருட்டில் கண்ணை மூடாமல் மோப்பம் பிடித்துக்கொண்டே படுத்திருக்கும். அம்மா என்றால் வாசனை வருகிறதா என்று பார்க்க வேண்டிய ஒரு ஆள். பத்து வயதிலும், இருபது வயதிலும். இந்த வீடு அவளைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளட்டும். பொறுத்தாயிற்று, இன்னும்கூடப் பொறுக்கலாம். பொடிசு நினைப்பதைப் பொறுக்க முடியாது.

அவள் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ சொல்லு," என்றாள் சின்னவளிடம்.

"அக்கா, வேண்டாம்…"

"நான் சொன்னா கதையாயிடும். நீ சொல்லு. இவளுக்குப் புரியற மாதிரி."

"என்ன சொல்லணும்?" என்றான் கணவன். இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

காலையில் கூட்டத்துக்குப் போட்ட நாற்காலிகளில் இரண்டு இன்னும் மடிக்காமல் கிடந்தன. ஒன்றைப் பெரியவள் இழுத்துச் சின்னவளுக்குப் பின்னால் போட்டாள். சின்னவள் உட்கார்ந்தாள். பொடிசு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சித்தியின் முகத்தையே பார்த்தாள். கதை சொல்லப் போகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பொடிசு," என்றாள் சின்னவள். குழந்தையின் பின்னலை நீவினாள். மறுபடி ஆரம்பித்தாள். "அன்னிக்கு அம்மா அடுப்பை மூடிட்டுத்தான் போனாங்க. அதுக்கப்புறம் திறந்தது…"

அங்கே நின்றுவிட்டது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவள் பார்வை பொடிசைத் தாண்டி மாமியாரிடம் போயிற்று.

மாமியார் சோபாவில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பொடிசின் போர்வையை நாலாக மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, உள்ளங்கையால் தட்டிச் சமன்செய்தார்.

"நீதான்னு எனக்குத் தெரியும்," என்றார். "அன்னிக்கே தெரியும். ஜன்னலைத் திறக்கறப்பவே அடுப்பு மேல உன் டீப் பாத்திரத்தைப் பார்த்தேன்."

கணவனின் கையிலிருந்த திருப்புளி தரையில் விழுந்து உருண்டது.

பொடிசின் காதைப் பொத்தப் போன பெரியவள் கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். கேட்கட்டும்.